தேவனஹள்ளியா, காமலாபுரமா, மீனம்பாக்கமா? கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் எங்கே போய் விமானம் ஏறுவது

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். தென்பெண்ணைக் கரை ஊர். நெடுஞ்சாலைக்கு வந்து வடக்கே திரும்பினால் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு. தெற்கே திரும்பினால் தருமபுரி, தொப்பூர், சேலம். கிருஷ்ணகிரியில் கிழக்கே பிரிந்தால் வேலூர் வழியாகச் சென்னை. மூன்று பக்கமும் விமான நிலையம் இருக்கிறது (பெங்களூருக்குத் தேவனஹள்ளி, சேலத்துக்குக் காமலாபுரம், சென்னைக்கு மீனம்பாக்கம்), ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை.

சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் பத்து வருடமாக நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். துபாய் வேலைக்குப் போகிற பையனும் கேட்கிறான், மகள் வீட்டுக்கு முதல்முறை டெல்லி போகிற பெரியவரும் கேட்கிறார்: “எந்த ஏர்போர்ட்டுலப்பா ஏறுறது?” பெரும்பாலானோர் யோசிக்காமல் பெங்களூரு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஓசூர்க்காரர்களுக்கு அது சரி. தருமபுரிக்காரர்களுக்குப் பல நேரம் தவறு. கிருஷ்ணகிரி நடுவில் மாட்டிக்கொள்கிறது. வாசற்படியில் கிளம்பிப் போகிற இடத்து வாசற்படி ஏறும் வரைக்கும் கணக்குப் போடாமல், டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலாவது, சாலையில் ஆகும் நேரம். கிலோமீட்டரை வைத்து இதைச் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். பெங்களூரு நகரத்துக்குள் அடுத்த 50 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆன நாள்களும் உண்டு.

இரண்டாவது, வண்டிச் செலவு. வாடகைக் கார் உங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும், அந்தக் கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். தருமபுரியிலிருந்து தேவனஹள்ளி சுமார் 170 கிலோமீட்டர் என்றால் வண்டிக்காரர் கணக்கில் அது 340. காமலாபுரத்துக்கு 45 என்றால் 90 தான்.

மூன்றாவது, விமானம் தவறினாலோ ரத்தானாலோ அடுத்தது எப்போது என்பது. இதை யாரும் கேட்பதே இல்லை. நான்காவது, போகிறவர் யார்: தனியாகப் போகும் வயதானவரா, கைக்குழந்தையோடு போகும் பெண்ணா, நாலு பெட்டி கட்டிக்கொண்டு போகும் குடும்பமா? ஐந்தாவது, திரும்பி வந்து இறங்கும் நேரம். போகும்போது எல்லோரும் உற்சாகமாக வழியனுப்ப வருவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து இறங்குபவரை அழைத்துவர ஆள் தேடுவதுதான் கஷ்டம்.

## தேவனஹள்ளி: பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம்

2008 மே மாதம் திறந்தார்கள். அதுவரை பழைய ஏர்போர்ட் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஓசூர் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அது நகரத்தின் இந்தப் பக்கத்திலேயே இருந்தது. புதியது நகரத்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது, நாமோ தென்கிழக்கிலிருந்து வருகிறோம். ஆகவே முழு நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டும். நமக்கு எல்லாச் சிக்கலும் இந்த ஒன்றில்தான் தொடங்குகிறது.

நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். இந்தியாவில் எந்தப் பெரிய ஊருக்கும் இங்கிருந்து நேரடி விமானம் இருக்கும். ஒன்று தவறினால் அதே நாளில் இன்னொன்று கிடைக்கும். போட்டி அதிகம் என்பதால் டிக்கெட் விலையும் பெரும்பாலும் குறைவு. வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா என்று வெளிநாட்டு விமானங்களும் ஏராளம். 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் டெர்மினல் 2க்கு மாறிவிட்டன. உள்நாட்டு விமானமாக இருந்தால் எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பார்த்து, ஓட்டுநரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், கடைசியாக விமான நிலையச் சாலையில் சாதஹள்ளி என்று வழிநெடுக ஃபாஸ்டேக்கில் பணம் போய்க்கொண்டே இருக்கும். வண்டி தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால், அகில இந்திய பர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கர்நாடகத்துக்குள் நுழையும்போது தனியாக வரி கட்ட வேண்டும். அதை யார் கட்டுவது என்று அத்திப்பள்ளியில் நின்று பேசிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

பணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு. என் அக்கா வீட்டுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி விமானத்தில் துபாய் போக வேண்டியிருந்தது. நாலு மணிக்குக் காவேரிப்பட்டணத்தில் கிளம்பினோம். ஆறரை மணி நேரம் இருக்கிறதே என்று நான்தான் தைரியம் சொன்னேன். மழை பிடித்துக்கொண்டது. பெங்களூரு நெரிசலில் சில்க் போர்டு சந்திப்பில் ஒன்றரை மணி நேரம், ஹெப்பாள் சந்திப்பில் அரை மணி நேரம். உள்ளே போனபோது மணி ஒன்பதே முக்கால், கவுன்டர் மூடியிருந்தது. விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்குச் சில நிறுவனங்கள் அதற்கும் முன்னால் மூடுவதுண்டு. அன்று அக்கா போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு மாலை நேரத்தில் யாரையும் நான் சில்க் போர்டு வழியாக அனுப்புவதில்லை.

மாற்று வழிகள் உண்டு. ஓசூரிலிருந்து போகிறவர்கள் அத்திப்பள்ளியில் வலப்புறம் திரும்பி, சர்ஜாபுரம், ஒசக்கோட்டை, பூதிகெரே என்று நகரத்தின் கிழக்கு ஓரமாகவே போய்விடலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஓட்டுநர்களில் பலர் சூளகிரியிலேயே பிரிந்து பேரிகை, மாலூர், ஒசக்கோட்டை என்று போகிறார்கள். சாலை குறுகல்தான், இரவில் வெளிச்சம் கம்மிதான். ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், எனக்கு அது முக்கியம்.

காரில்லாமல் போவதென்றால், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும், நகரத்தின் நடுவில் பெரிய பேருந்து நிலையம் இருக்கும் மெஜஸ்டிக்கிலிருந்தும் வாயு வஜ்ரா பேருந்துகள் விமான நிலையத்துக்கு ஓடுகின்றன. 2025 ஆகஸ்ட்டில் பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ வந்துவிட்டதால், ஓசூரிலிருந்து பேருந்தில் பொம்மசந்திரா போய், அங்கே மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி மெஜஸ்டிக் போகலாம். கைப்பை மட்டும் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இது நல்ல வழி. இரண்டு பெட்டியும் ஊறுகாய் டப்பாவும் வைத்திருக்கும் அம்மாவுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

## காமலாபுரம்: சேலம் விமான நிலையம்

சேலம் என்று பெயர் இருப்பதால் சேலத்தில் இருக்கிறது என்றே நம் ஆட்கள் நினைக்கிறார்கள். தொப்பூர் இறங்கி, தீவட்டிப்பட்டி தாண்டி, ஓமலூர் போகிற வழியிலேயே காமலாபுரம் வந்துவிடும். தருமபுரி நகரத்திலிருந்து 45 கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரம். சேலம் ஊருக்குள் போகவே வேண்டாம். சுங்கச்சாவடி தொப்பூர்ப் பக்கம் இருக்கும் ஒன்றுதான்.

இது 1993இல் வந்த விமான நிலையம். ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது, ஏ.டி.ஆர். வகைச் சிறிய விமானங்கள்தான் இறங்கும். எழுபது எண்பது பேர் உட்காரும் புரொப்பெல்லர் விமானம். ஓடுதளத்தை நீட்டுவதற்கு சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி, பொட்டிபுரம் பக்கம் நிலம் எடுக்கும் பேச்சு வந்தபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். விளையும் நிலத்தை விட யாருக்கும் மனம் வராது, அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இங்கே விமானம் வருவதும் நிற்பதுமாகவே இருந்திருக்கிறது. 2018 மார்ச்சில், சிறிய ஊர்களுக்கு விமானம் விட ஒன்றிய அரசு மானியம் தரும் உதான் திட்டத்தின் கீழ் சென்னைக்கு விமானம் தொடங்கியது, 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியபோது அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கும் கொச்சிக்கும், இண்டிகோ சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் பறக்க ஆரம்பித்தன. இப்படி வந்து வந்து நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உதானில் ஒரு வழித்தடத்துக்கு அரசு மானியம் கிடைப்பது மூன்று ஆண்டுக்குத்தான். அதற்குள் பயணிகள் பழகிக்கொண்டால் சேவை நிலைக்கும், இல்லையென்றால் நிறுவனம் வேறு ஊரைப் பார்த்துப் போய்விடும். 2023இல் தொடங்கிய தடங்களுக்கு அந்த மூன்று ஆண்டு 2026 அக்டோபரில் நிறைகிறது. தருமபுரிக்காரர்கள் இந்த நிலையத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் ஏறாவிட்டால் அது இருக்காது.

எல்லா விமான நிறுவனங்களும் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணையை மாற்றும். சிறிய நிலையத்தில் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியும்: தினமும் இருந்தது வாரம் நாலு நாளாகலாம், காலை இருந்தது மாலையாகலாம். ஆகவே மே மாதப் பயணத்தைப் பிப்ரவரியிலேயே முடிவு செய்கிறவர்கள் ஏப்ரலில் ஒருமுறை நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இங்கே எனக்குப் பிடித்தது கூட்டமில்லாமைதான். வாசலில் இறங்கினால் பத்தடியில் உள்ளே போகலாம். வரிசை கிடையாது, கிலோமீட்டர் கணக்கில் நடக்கவும் வேண்டாம். முழங்கால் வலிக்கிற அம்மாவைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது முதல்முறை இங்கே ஏறினோம். வீட்டில் கிளம்பிச் சென்னையில் இறங்கியதுவரை நாலு மணி நேரத்துக்குள் முடிந்தது. சாலையில் போயிருந்தால் அம்மாவை நடுவில் இரண்டு இடத்திலாவது படுக்க வைக்க வேண்டியிருந்திருக்கும்.

பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று, ரத்தானால் அடுத்த விமானம் மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோதான். நேர்முகத் தேர்வு, விசா கடைசித் தேதி, கல்யாண முகூர்த்தம் போன்றவற்றுக்கு ஒருநாள் முன்னதாகப் போகும்படி டிக்கெட் போடுங்கள். இரண்டாவது, தொப்பூர் இறக்கம். இரட்டைப் பாலம் பக்கம் லாரி ஒன்று கவிழ்ந்தால் போதும், சாலை மணிக்கணக்கில் நின்றுவிடும். தருமபுரியிலிருந்து முக்கால் மணி நேரம்தானே என்று கடைசி நிமிடத்தில் கிளம்பாதீர்கள். இங்கேயும் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் காமலாபுரம் உதவும். சேலம், சென்னை, பிறகு வெளிநாடு என்று ஒரே டிக்கெட்டில், அதாவது ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) போட முடிந்தால் போடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால் நிறுவனமே வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். தனித்தனி டிக்கெட்டாகப் போட்டால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை, முழு நஷ்டமும் உங்களுடையது. அப்படித்தான் போட முடியும் என்றால் நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

## மீனம்பாக்கம்: சென்னை

கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 255 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சுமார் 300. காரில் போனால் செலவு மிக அதிகம். ரயிலிலும் பேருந்திலும் போனால் கதை வேறு.

அரூர், மொரப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு சென்னை–சேலம் ரயில் பாதை வீட்டுக்கு அருகிலேயே போகிறது. மொரப்பூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், அங்கேயே நிலத்தடியில் மெட்ரோ. நீலத் தடம் நேராக விமான நிலையம் போகும். ஊத்தங்கரைக்காரர்களுக்குச் சாமல்பட்டி, பர்கூர்க்காரர்களுக்குத் திருப்பத்தூர் அல்லது ஜோலார்பேட்டை. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. அங்கிருந்து பேருந்தில் வேலூர் வழியாகக் கோயம்பேடு போய், மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் தடம் மாறிக்கொள்ளலாம்.

மொழி தெரியாத ஊரில் தவிக்க வேண்டாம் என்பதும் சிலருக்குப் பெரிய நிம்மதி. முதல்முறை பறக்கும் வயதானவர்கள் சென்னையில் யாரிடமும் தமிழில் கேட்டுக்கொள்வார்கள். சென்னையில் ஒரு இரவு தங்கச் சொந்தக்காரர் வீடு இருந்தால் மீனம்பாக்கம் நல்ல தேர்வு. லாட்ஜில் தங்க வேண்டுமென்றால் அந்தச் செலவையும் டிக்கெட்டோடு கூட்டிப் பாருங்கள். ஹஜ் பயணிகளும் பெரும்பாலும் சென்னை வழியாகவே போக வேண்டியிருக்கும்.

## திருச்சியும் கோவையும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தருமபுரிக்குத் தெற்கே இருப்பவர்கள் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா போவதென்றால் திருச்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் அங்கே புது முனையம் திறந்தார்கள். சேலம், நாமக்கல் வழியாகத் தருமபுரியிலிருந்து சுமார் 210 கிலோமீட்டர். தேவனஹள்ளியைவிட 40 கிலோமீட்டர் அதிகம், ஆனால் வழியில் பெங்களூரு மாதிரி ஒரு நகரத்தைக் கடக்க வேண்டியதில்லை. கோவை சுமார் 220 கிலோமீட்டர். ஷார்ஜா, சிங்கப்பூர் போகிறவர்கள் விலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிருஷ்ணகிரிக்கு வடக்கே இருப்பவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடலாம்.

## ஓசூரில் ஏற முடியாதா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஓசூருக்குப் பக்கத்தில் தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் விமானத் தளம் ஒன்று 1990களிலிருந்தே இருக்கிறது. தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துடையது. ஓடுதளம் ஏறக்குறைய 2,100 மீட்டர், சேலத்தைவிட நீளம். ஆனால் அது தனியார் தளம். விமானங்களைப் பழுது பார்ப்பது, பாகங்கள் செய்வது, தனியார் சிறு விமானங்கள் வந்து போவது போன்றவைதான் அங்கே நடக்கின்றன. நமக்கு டிக்கெட் கொடுத்து ஏற்றும் இடமல்ல.

நீளமான ஓடுதளம் இருந்தும் ஏன் பயணிகள் விமானம் வரவில்லை? பெங்களூரு விமான நிலையத்துக்கான ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது: அது திறந்து 25 ஆண்டு வரை, மைசூரு, ஹாசன் தவிர, 150 கிலோமீட்டருக்குள் போட்டியாக வேறு விமான நிலையம் வளரக் கூடாது. 2008இல் திறந்ததால் அந்தக் கெடு 2033 மே வரை ஓடும். உதானில் ஓசூர் பேசப்பட்டபோது குறுக்கே வந்ததும் இந்த விதிதான். ரோஜாவைப் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓசூர்ப் பூ விவசாயிகள் இன்றைக்கும் அதைத் தேவனஹள்ளிக்கு ஏற்றிப் போய்த்தான் அனுப்புகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். பேரிகை, பாகலூர்ப் பக்கம் இடமும் பார்த்திருக்கிறார்கள். வந்தால் சூளகிரிக்காரர்களுக்கு அரை மணி நேரத்தில் விமானம். அதை நம்பி இந்த வருடத்துப் பயணத்தைத் திட்டமிட முடியாது, அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

தூரங்கள் கிலோமீட்டரில், தோராயமாக.

| | தேவனஹள்ளி | காமலாபுரம் | மீனம்பாக்கம் | திருச்சி |
|---|---|---|---|---|
| ஓசூரிலிருந்து | 75 | 145 | 305 | 305 |
| கிருஷ்ணகிரியிலிருந்து | 130 | 95 | 255 | 255 |
| தருமபுரியிலிருந்து | 170 | 45 | 300 | 210 |
| வழியில் பயம் | சில்க் போர்டு, ஹெப்பாள் நெரிசல் | தொப்பூர் இறக்கம் | ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு நெரிசல் | தொப்பூர் இறக்கம் |
| தவறினால் அடுத்தது | அதே நாள் | மறுநாள் அல்லது அதற்குப் பிறகு | அதே நாள் | ஊரைப் பொறுத்தது |
| ரயிலில் போக | சிரமம் | தேவையில்லை | மொரப்பூர், சாமல்பட்டி, ஜோலார்பேட்டை வழியாக எளிது | சேலத்தில் மாறிப் போகலாம் |
| வயதானவர்களுக்கு | நடை அதிகம், சக்கர நாற்காலி முன்பதிவு செய்க | மிக வசதி | மொழி வசதி | வசதி |

## யாருக்கு எது

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி: தேவனஹள்ளிதான், யோசிக்கவே வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன் கிளம்பும் விமானமாகப் பார்த்துப் போடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குச் சாலை காலியாக இருக்கும்.

தருமபுரி, பென்னாகரம், நல்லம்பள்ளி: சென்னை, ஹைதராபாத் போவதென்றால் முதலில் காமலாபுரத்தில் என்ன கிழமை விமானம் என்று பாருங்கள். டிக்கெட் ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும், வண்டி வாடகையில் அதைவிட அதிகம் மிச்சமாகும். டெல்லி, மும்பை போவதென்றால் சென்னையிலோ ஹைதராபாத்திலோ மாறும் ஒரே டிக்கெட்டின் விலையையும் பெங்களூரு நேரடி விமானத்தின் விலையையும் வண்டி வாடகையோடு சேர்த்து ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் போனால் பெரும்பாலும் காமலாபுரம் வெல்லும். நாலு பேர் ஒரே காரில் போனால் வாடகை பங்காகிவிடும், பெங்களூரு வெல்லும்.

அரூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி: வெளிநாட்டுப் பயணத்துக்கு ரயிலில் சென்னை. ராத்திரி விமானமாக இருந்தால் இன்னும் நல்லது, பகல் ரயிலில் போய்விடலாம்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் என்று நடுவில் இருக்கும் எங்களுக்குத்தான் ஒரே பதில் கிடையாது. நான் வைத்திருக்கும் வழக்கம் இது: இளைஞர்கள் தனியாக வெளிநாடு போனால் பேரிகை, மாலூர் வழியாகத் தேவனஹள்ளி. வயதானவர்கள் உள்நாட்டுக்குள் போனால் காமலாபுரம். குடும்பமாக வெளிநாடு போய், திரும்பி வரும் விமானம் நடு இரவில் இறங்குவதாக இருந்தால், போகும்போது எதில் வேண்டுமானாலும் ஏறட்டும், வரும்போது சென்னையில் இறங்கட்டும் என்று சொல்லிவிடுவேன். சென்ட்ரலிலிருந்து காலை ரயிலில் ஜோலார்பேட்டைக்கு வந்துவிட்டால், அங்கே போய் அழைத்துவர ஒரு மணி நேரம் போதும். யாரும் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட வேண்டியதில்லை.